இருளைக் காட்டிய ஒளி – ஜேக்கப் ரீஸ்

கேட்டதை நம்ப மறுப்பவரும் கண்ணால் கண்டதை எளிதில் மறுப்பதில்லை. இவ்வுண்மையை நன்குணர்ந்து, ஏழைகளின் இருண்ட வாழ்வை உலகறியச் செய்தவர் ஜேக்கப் ரீஸ். இன்று காமிராவின் மேல் பிளாஷ் விளக்கைப் பொருத்திப் பொத்தானை அழுத்துகிறோம். நொடியில் படம் கிடைக்கிறது. அவர் காலத்திலோ அவ்வொளியைப் பெற உயிரையே பணயம் வைக்க வேண்டியிருந்தது.

டென்மார்க் நாட்டின் ரீபே நகரில் 1849-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள், ஓர் ஆசிரியரின் மகனாக ரீஸ் பிறந்தார். தச்சுத் தொழில் கற்று, 1870-இல் பிழைப்புத் தேடி அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். வேலை நிலைக்கவில்லை, பசியோடு தெருக்களில் அலைந்தார். ஒரு மழையிரவில், நியூயார்க் காவல் நிலையத்தில் வீடற்றோருக்கென இருந்த விடுதியில் உறங்கியபோது, அவரது தங்கப் பதக்கம் களவு போயிற்று. முறையிட்டவரையே வெளியே தள்ளினர். அவரை நம்பிப் பின்தொடர்ந்த நாயைக் காவலர் ஒருவர் அவர் கண்ணெதிரே கொன்றார். அந்த இரவை அவர் மறக்கவேயில்லை.

1877-இல் ரீஸ் காவல்துறைச் செய்திகளைத் திரட்டும் பத்திரிகைச் செய்தியாளரானார். மல்பெரி தெருவை அடுத்த நெருக்கடியான குடியிருப்புகளில், காற்றும் வெளிச்சமும் புகாத அறைகளில் குடும்பங்கள் முடங்கிக் கிடப்பதைக் கண்டு எழுதினார். எழுத்து மட்டும் எவரையும் அசைக்கவில்லை. படம் பிடிக்கவோ அங்கு வெளிச்சம் இல்லை.

1887-இல், மக்னீசியம் கலந்த தூளைக் கொளுத்திப் படமெடுக்கும் முறை ஜெர்மனியில் கண்டறியப்பட்ட செய்தியைப் படித்தார். அவருக்கு வழி பிறந்தது. முதலில் தூள் தோட்டாவைக் கைத்துப்பாக்கியில் வைத்துச் சுட்டனர். நள்ளிரவில் துப்பாக்கியுடன் வருவோரைக் கண்டு மக்கள் அஞ்சி ஓடினர். எனவே அதை விடுத்து, சமையலறை வாணலியில் தூளைக் கொட்டிப் பற்றவைத்தார். இருமுறை வீடு தீப்பிடித்தது. ஒருமுறை அவர்மீதே தீப்பற்றியது. மூக்குக் கண்ணாடி அணிந்திருந்ததால் கண் தப்பியது.

1890-இல் படங்களோடு அவர் வெளியிட்ட நூல் நகரத்தின் மனச்சாட்சியைத் தொட்டது. அதைப் படித்த தியோடர் ரூஸ்வெல்ட், பின்னர் காவல்துறைத் தலைமைப் பொறுப்பில் இருந்தபோது, 1896-இல் அந்தக் காவல் நிலைய விடுதிகளை மூடச் செய்தார். மல்பெரி வளைவில் பாழ்பட்ட குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, 1897-இல் பூங்கா திறக்கப்பட்டது. 1914-இல் ரீஸ் காலமானார்.

அவரிடமும் குறைகள் இருந்தன. உறங்கியவர்களை அனுமதியின்றிப் படமெடுத்தார். வேற்று நாட்டிலிருந்து குடியேறியோர் சிலரைப் பற்றிக் கடுமையாகவும் எழுதினார். ஆயினும், தாம் பட்ட துன்பம் பிறர்க்கு நேராதிருக்கவே உழைத்தார்.

அன்பு மாணவியரே, நம் கையிலும் இன்று காமிரா உண்டு. எந்த விளக்கை வாங்குவது என்று கவனமாகத் தேர்ந்தெடுக்கும் நாம், அதன் ஒளி யார்மீது விழ வேண்டும் என்பதையும் சிந்திப்போம். படம் பிடிக்கப்படுபவரின் மானத்தையும் காப்போம்.