எழுதத் தெரியாத நாவலாசிரியை

காதலும் மர்மமும் கலந்த கதையில் நற்போதனையையும் சேர்த்து, ஆயிரக்கணக்கான பெண்களை நாவல் படிக்க வைத்தவர் வை.மு. கோதைநாயகி அம்மாள்.

1901-ல் பிறந்த அவருக்கு ஐந்தரை வயதிலேயே விவாகம் நடந்தது. பள்ளிக்கூடம் போனதில்லை. அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் மட்டும் கெட்டிக்காரர். முதல் நூலான 'இந்திர மோகனா' நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி பட்டம்மாள் எழுதினார். அதன் பிறகே தாமாக எழுதப் பழகினார்.

முதல் நாவலான 'வைதேகி' ஒரு துப்பறியும் கதை. 1925-ல் 'ஜகன்மோகினி' மாத இதழை ஏற்று, சுமார் 35 ஆண்டுகள் நடத்தினார். எழுதிய நாவல்கள் 115. பெண்பிள்ளைக்குக் கதை எதற்கு என்ற ஏச்சு எழுந்தபோது, கணவர் பார்த்தசாரதி பக்கபலமாக நின்றார்.

காந்தியடிகளைச் சந்தித்தபின் பட்டையும் நகையையும் துறந்து கதர் உடுத்தினார். 1930-களில் மறியல் செய்து சிறை சென்றார். அங்கும் பேனா ஓயவில்லை.

ஒரே மகன் சீனிவாசன் 1956-ல் மறைந்த துயரம் அவரை ஒடித்துவிட்டது. காசநோய் கண்டு 1960-ல் காலமானார். அவரது 'தயாநிதி' நாவலே 1966-ல் 'சித்தி' திரைப்படமாக வெளிவந்தது. பத்மினி நடித்த அந்தப் படத்தைப் பார்த்துக் கண்ணீர் விட்டவர்களில் எத்தனை பேர் அந்தக் கதைக்கு உரிய அம்மையாரை அறிவார்கள்?