மரத்தில் வானதூதரைக் கண்டவர்

இலண்டன் மாநகரின் தென்பகுதியில் பெக்காம் ரை என்னும் திறந்தவெளி உள்ளது. இன்று நகரத்தின் நடுவே பூங்காவாக விளங்கும் அவ்விடம், 1760களில் வயல்களும் மரங்களும் சூழ்ந்த நாட்டுப்புறமாக இருந்தது. ஒரு நாள் அங்கே உலவச் சென்ற சிறுவன் ஒருவன், ஒரு மரத்தை அண்ணாந்து நோக்கினான். அதன் கிளைதோறும் வானதூதர்கள் நிறைந்திருந்தனர். இலைகளுக்கிடையே அவர்களுடைய சிறகுகள் ஒளிவிட்டன. வீட்டிற்கு ஓடிவந்த சிறுவன் தான் கண்டதைப் பெற்றோரிடம் கூறினான். மகன் பொய் சொல்லப் பழகிவிட்டான் என்று எண்ணிய தந்தை, அவனை அடிக்கக் கை ஓங்கினார். தாய் குறுக்கிட்டுத் தடுத்தார். அன்று அடியிலிருந்து தப்பிய அச்சிறுவனே ஓவியரும் கவிஞருமான வில்லியம் பிளேக். (வேறொரு முறை, வயலில் மரத்தடியில் ஒரு தீர்க்கதரிசியைக் கண்டதாக அவன் சொன்னபோது தாயே அடித்துவிட்டார் என்றும் சொல்வர்.)

பிளேக் 1757ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், காலுறைகள் விற்கும் கடை நடத்தி வந்தார். மகனுக்குப் பிறர் காணாதவை தென்படுவது அவருக்குக் கவலை அளித்ததேனும், அவன் வரைவதில் கொண்ட நாட்டத்தை அவர் தடை செய்யவில்லை. பத்து வயதில் ஓவியப் பள்ளியில் சேர்த்தார். 1772இல், பதினான்கு வயதில், ஜேம்ஸ் பேசையர் என்னும் செப்புத்தகட்டுச் செதுக்குக் கலைஞரிடம் தொழில் பழக அனுப்பினார். ஒளிப்படக் கருவி இல்லாத காலம் அது. நூல்களில் படங்கள் இடம்பெற வேண்டுமானால், ஒருவர் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கித்தான் ஆக வேண்டும். கண்ணையும் கையையும் ஒருங்கே வருத்தும் வேலை. பிளேக் அதனை ஏழாண்டுகள் கற்றார். வாழ்நாள் முழுவதும் அதனாலேயே உண்டார்.

பழைய கல்லறைச் சிற்பங்களை வரைந்து வருமாறு பேசையர் அவரை வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்திற்கு அனுப்பினார். அரசர்களும் அரசியரும் கற்சிலைகளாகத் துயிலும் அந்த நிழல் படிந்த மண்டபங்களில் இளைஞர் பிளேக் பல நாள்கள் தனியே அமர்ந்து வரைந்தார். உறுதியான கோடே ஓவியத்தின் உயிர் என்னும் எண்ணம் அங்கேதான் அவருள் வேரூன்றியது. அங்கும் அவருக்குக் காட்சிகள் தோன்றியதுண்டு.

1782இல் பிளேக், கேத்தரின் பௌச்சர் என்னும் பெண்ணை மணந்தார். திருமணப் பதிவேட்டில் கேத்தரின் தம் பெயரை எழுதவில்லை. எழுத்தறியாதவர் இடும் குறியையே இட்டார். பிளேக் அவருக்கு எழுதவும் படிக்கவும் கற்பித்தார். வரையவும் அச்சிடவும் கற்பித்தார். பின்னாளில் பிளேக்கின் நூல்களுக்கு வண்ணம் தீட்டிய கைகளுள் கேத்தரினுடைய கையும் ஒன்று.

பிளேக்கிற்கு இராபர்ட் என்றொரு தம்பி. அவரும் வரையக் கூடியவர். அண்ணனின் அன்புக்கு மிகவும் உரியவர். 1787இல் இராபர்ட் நோயுற்றார். பிளேக் இரவு பகலாகக் கண்ணுறங்காமல் அருகிருந்து பேணினார். ஆயினும் தம்பி பிழைக்கவில்லை. உயிர் பிரிந்த நொடியில், இராபர்ட்டின் ஆன்மா மகிழ்ச்சியால் கைகொட்டியவாறு கூரையைக் கடந்து மேலெழுந்ததைத் தாம் கண்டதாகப் பிளேக் கூறினார். பிறகு மூன்று நாள்கள் அவர் அயர்ந்து உறங்கினார்.

அக்காலத்தில் அவருடைய மனத்தை ஒரு சிக்கல் வாட்டிக்கொண்டிருந்தது. கவிதையையும் ஓவியத்தையும் ஒரே பக்கத்தில் தாமே அச்சிட வேண்டும்; பதிப்பாளரை நாடப் பணம் இல்லை. மறைந்த தம்பி ஒரு காட்சியில் தோன்றி, அதற்குரிய வழியைக் காட்டியதாக அவர் சொன்னார். அந்த முறை இதுதான். அமிலம் அரிக்காத ஒரு கலவையைத் தொட்டுச் செப்புத் தகட்டின்மேல் எழுத்தையும் படத்தையும் தீட்ட வேண்டும். தகட்டின்மீது அமிலத்தை ஊற்றினால் வெற்றிடங்கள் மட்டும் அரிக்கப்பட்டுத் தாழும். தீட்டியவை மேடாக எஞ்சி நிற்கும். மேட்டில் மையைத் தடவித் தாளை வைத்து அழுத்தினால் பக்கம் பதிந்துவிடும். தாளில் பதியும்போது எல்லாம் இடவலம் மாறும் ஆதலால், எழுத்துகளைக் கண்ணாடியில் தெரிவதுபோலத் தலைகீழ் வரிசையில் எழுத வேண்டும்.  அச்சான பக்கங்களுக்குப் பிளேக்கும் கேத்தரினும் நீர்வண்ணம் தீட்டினர். ஆகவே ஒரு படியைப் போல் மற்றொரு படி இராது. ஆவி வந்து கற்பித்ததா, துயரத்தில் ஆழ்ந்த மனம் தானே கண்டுபிடித்ததா என்பதை யார் அறுதியிட முடியும்? செப்பும் அமிலமும் மையும் மட்டும் பிளேக்கின் கைக்குப் பதினைந்து ஆண்டுகளாகப் பழகியவை.

இம்முறையில் 1789இல் களங்கமற்ற குழந்தைமையைப் பாடும் நூல் ஒன்று வெளிவந்தது. 1794இல் வாழ்வின் கசப்பைப் பாடும் பகுதியையும் சேர்த்து அதனை விரிவாக்கினார். ஆட்டுக்குட்டி ஒருபுறம், இருளில் தீயெனச் சுடரும் புலி மறுபுறம். கொடிகள் எழுத்துகளைச் சுற்றிப் படர்கின்றன. பூவிதழ்களுக்குள் சிறு உருவங்கள் குடியிருக்கின்றன. அந்நூலில் புகைபோக்கி துடைக்கும் சிறுவர்களும் உண்டு. ஏழைப் பிள்ளைகளைக் குறுகிய புகைக்குழாய்களுக்குள் ஏறச் செய்து கரியைச் சுரண்டவைத்த கொடுமை அன்றைய இலண்டனில் அன்றாடக் காட்சி. வானதூதரைக் கண்ட கண் தெருவில் கரி படிந்து நின்ற பிள்ளையைக் காணத் தவறவில்லை.

1800இல் ஃபெல்பாம் என்னும் கடலோரச் சிற்றூருக்குக் குடிபெயர்ந்தார். கடலும் தோட்டமும் அவரை மகிழ்வித்தன. ஆனால் 1803இல் தோட்டத்திற்குள் இருந்த படைவீரன் ஒருவனை அவர் வலிந்து வெளியேற்ற, அவன் அவர்மீது அரசரைப் பழித்தார் என்று குற்றம் சாட்டினான். பிரான்சுடன் போர் மூண்டிருந்த வேளையில் அது பெருங்குற்றம். 1804இல் சிச்செஸ்டர் நகரில் நடந்த விசாரணையில் அவர் குற்றமற்றவர் என விடுவிக்கப்பட்டார்.

1809இல் தம் ஓவியங்கள் பதினாறனை, அண்ணனின் கடையிருந்த வீட்டில் கண்காட்சியாக வைத்தார். பார்வையாளர் மிகச் சிலரே. இதழொன்றில் வந்த திறனாய்வு அவரைப் பித்தர் என்றே இகழ்ந்தது. அடுத்த பல ஆண்டுகள் பிளேக்கை உலகம் ஏறக்குறைய மறந்தது. வீட்டில் பணம் தீர்ந்துவிட்டால் கேத்தரின் அதனை வாய்விட்டுச் சொல்வதில்லை. உணவு வேளையில் வெறுந்தட்டைக் கணவர்முன் வைப்பாராம். பிளேக் பேசாமல் எழுந்து, பிறருக்கான செதுக்கு வேலையைக் கையில் எடுப்பார்.

அறுபது வயதைக் கடந்த பின்னர் அவரைத் தேடி இளைய ஓவியர்கள் வந்தனர். 1819இல் ஜான் வார்லி என்னும் ஓவியரின் வீட்டில், இரவு நேரங்களில், பழங்கால மன்னர்களும் வீரர்களும் எதிரே வந்து அமர்வதாகச் சொல்லி அவர்களுடைய முகங்களைப் பிளேக் வரைந்தார். ஒரு முறை தெள்ளுப்பூச்சியின் ஆவி வந்தது. வரைந்துகொண்டிருக்கையில் அது வாயைத் திறந்துவிட்டதாம். உடனே முகத்தை அப்படியே விட்டு, திறந்த வாயைத் தாளின் மற்றொரு பகுதியில் தனியே வரைந்துகொண்டார்! வாய் மூடிய பிறகே முகத்தை முடித்தார். பின்னர் அதே உருவத்தை ஒரு சிறிய பலகையில், பொன் கலந்து தீட்டினார். தசை முறுக்கேறிய உடலும், குருதி ஏந்தும் கிண்ணமும், நீட்டிய நாவுமாக நடக்கும் அவ்வுருவம் இன்று இலண்டன் டேட் ஓவியக்கூடத்தில் உள்ளது.

ஜான் லின்னல் என்னும் இளைஞர் பணிகள் கொடுத்து அவருக்கு உதவினார். யோபுவின் கதைக்குரிய செதுக்குப் படங்கள் 1826இல் வெளியாயின. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் காவியத்திற்காக நூற்றுக்கும் மேற்பட்ட ஓவியங்களை, நோய்ப் படுக்கையிலும் தலையணையில் சாய்ந்தவாறு வரைந்தார். அவை முற்றுப்பெறவில்லை. 1827ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள், தம் அருகே நின்ற கேத்தரினை நோக்கிய பிளேக், அசையாமல் நிற்கச் சொல்லி அவரை வரைந்தார் என்பர். எழுதுகோலைக் கீழே வைத்தபின் பாடத் தொடங்கினார். அன்று மாலை அவர் உயிர் பிரிந்தது.

பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில் பெயர்க்கல் இன்றி அவர் புதைக்கப்பட்டார். புதைத்த இடத்திலேயே பெயர் பொறித்த கல் நாட்டப்பட்டது 2018இல்தான். கேத்தரின் மேலும் நான்கு ஆண்டுகள் வாழ்ந்தார். கணவரின் ஓவியங்களை விற்று வந்தார். கணவர் நாள்தோறும் வந்து, தம்மோடு இரண்டு மூன்று மணி நேரம் அமர்ந்து பேசிச் செல்வதாக அவர் சொல்லி வந்தார். ஓவியம் வாங்க வருவோர் விலை கேட்டால், அவரிடம் கலந்து பேசிய பிறகே சொல்ல இயலும் என்று காத்திருக்கச் செய்வார்.