பிரோபெலும் குழந்தைகளின் விளையாட்டும்

மக்களைப் பெற்றோரிற் பலர், விளையாட்டென்பது கல்விக்குப் பகையென்றும், காலத்தை வீணாக்குஞ் செயலென்றும் கருதுகின்றனர். அக்கருத்துப் பிழையென்பதைத் தம் வாழ்வாலும் தொண்டாலும் விளக்கிய பிரடெரிக் பிரோபெல் என்னும் பெரியாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி உரைப்பாம்.

இவர் 1782-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21-ந் தேதி, ஜெர்மனி தேசத்துத் துரிங்கியாப் பகுதியில் ஓபர்வைஸ்பாக் என்னுஞ் சிற்றூரிற் பிறந்தார். ஒன்பது திங்கட் குழந்தையாயிருக்கையிலேயே இவர் அன்னையார் காலஞ்சென்றார். தந்தையார் குருவானவர்; சபை அலுவல்களின் மிகுதியால் மைந்தனைக் கவனிக்க அவகாசமற்றவர். மாற்றாந்தாயோ தமக்கென ஒரு மகன் பிறந்தபின் இவரைப் புறக்கணித்தார். தனிமையுற்ற சிறுவர்க்குத் தோட்டத்துச் செடிகொடிகளே துணையாயின. பத்தாம் வயதில் தாய்மாமன் இவரைத் தம்மில்லத்திற்கு அழைத்துச் சென்ற பின்னரே, ஒத்த சிறுவரோடு கூடி விளையாடும் பாக்கியம் இவருக்கு வாய்த்தது.

பின்னர்க் காட்டு அதிகாரியொருவரிடம் தொழில் பயின்றார்; ஜீனா சர்வகலாசாலையிற் கற்கையில் கடன்பட்டுச் சிறையும் புகுந்தார். 1805-ல் பிராங்க்பர்ட் நகரில் ஆசிரியரானபோதே தமக்குரிய தொழில் இதுவெனத் தெளிந்தார். 1808 முதல் 1810 வரை சுவிட்சர்லாந்தில் பெஸ்டலாஜி என்னும் ஆசிரியப் பெருந்தகையிடம் தங்கி அவர் முறைகளை ஆராய்ந்தார்.

1837-ல் பிளாங்கன்பர்க் என்னும் ஊரில் இளங்குழந்தைகளுக்கென ஒரு நிலையந் தொடங்கினார். ஆறு நிறக் கம்பளிப் பந்துகள், மரத்தாலாகிய உருண்டை, கனசதுரம், எட்டாகப் பிரித்துச் சேர்க்கத்தக்க கட்டை முதலிய விளையாட்டுப் பொருள்களை அமைத்துக் கொடுத்தார். 1840-ல் அம்முறைக்குக் கிண்டர்கார்ட்டன், அதாவது குழந்தைகளின் தோட்டம், எனப் பெயரிட்டார். 1844-ல் தாய்மார் குழந்தைகளோடு பாடி விளையாடுதற்கென ஒரு நூலும் வெளியிட்டார்.

1851-ல் பிரஷ்ய அரசாங்கத்தார், இவர் கொள்கையையும் தமையனார் மகனின் கொள்கையையும் ஒன்றென மயங்கி, கிண்டர்கார்ட்டன்களைத் தடைசெய்தனர். அத்துயர் தீருமுன்னரே 1852-ம் ஆண்டு ஜூன் மாதம் 21-ந் தேதி பிரோபெல் உயிர்நீத்தார். அத்தடை 1860-ல் நீங்கியது. அந்நாளைக் காண அவர் இலர்.

அவர் நட்ட விதை வேறொரு துறையிலும் ஒத்த பயிரைக் கண்டது. 1928-ல் லண்டன் மாநகரில் மார்கரெட் லோவன்பெல்ட் என்னும் வைத்திய அம்மையார், மனத்துயருற்ற குழந்தைகளுக்கென ஒரு நிலையந் திறந்தார். மணற்றட்டும் சிறு பொம்மைகளும் தந்து, குழந்தைகள் ஆக்கும் உலகங்களை உற்றுநோக்கி அவர்தம் உள்ளத்தை உணரலானார். தன் துன்பத்தைச் சொல்ல மொழியில்லாத குழந்தை, அதனை விளையாடிக் காட்டுகிறது. இதுவே விளையாட்டுச் சிகிச்சையின் அடிப்படை.

ஆதலின் பெற்றோர் அறியத்தக்கவை சில உள. குழந்தை ஆடுகையில் குறுக்கிட்டுத் திருத்துதலும், பின்னர் வினாக்களால் துளைத்தலும் தகா. சிகிச்சையின் பயன் ஒரே நாளில் விளையாது; செடி தழைக்கக் காலம் வேண்டுமன்றோ? யாவற்றினும் மேலாக, அருகிருந்து பொறுமையாய்ப் பார்க்கும் அன்புடையார் ஒருவர் வேண்டும். தாயற்ற அந்த ஓபர்வைஸ்பாக் சிறுவர்க்குக் கிட்டாதது அதுவே. பிறர் குழந்தைகளுக்குக் கிட்டவேண்டுமென்று அவர் உழைத்ததும் அதற்காகவே.