தொடக்கூடாத கை

நீச்சல் என்றாலே எனக்கு எங்க ராசிங்காபுரத்துத் தோட்டத்துக் கிணறுதான் ஞாபகம் வரும். போன வருஷ லீவில் என் நண்பன் ஒருத்தன் அந்தக் கிணற்றுக்குள்ளேயே நிற்காமல் 100 சுற்று நீந்துவதாகப் பந்தயம் கட்டினான். எண்ணிக்கை வைத்துக்கொண்டு படியில் உட்கார்ந்திருந்தது நான். என்ன ஆனாலும் தன்னைத் தொடக்கூடாது என்று சத்தியம் வேற வாங்கிக்கிட்டான். 63ஆவது சுற்றில் அவனுக்குக் கால் இழுத்துக்கொண்டது. நான் குதித்துப் பிடித்துவிட்டேன். ரெண்டு நாள் என்கூட அவன் பேசவே இல்லை.

செய்தது சரியா தப்பா என்று குழம்பிக்கொண்டிருந்தபோதுதான் ஆரத்தி சாஹாவின் வரலாற்றைப் படித்தேன்.

ஆரத்தி 1940 செப்டம்பர் 24இல் கல்கத்தாவில் பிறந்தவர். சின்ன வயசிலேயே அம்மாவை இழந்தார். ஹூக்ளி ஆற்றுப் படித்துறைக்குக் குளிக்கப் போய்த்தான் நீச்சல் பழகினார். ஹட்கோலா நீச்சல் மன்றத்தில் சேர்ந்து, பயிற்சியாளர் சச்சின் நாக் கையில் வளர்ந்தார். 1952இல் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக நீந்தியபோது அவருக்கு 12 வயசுகூட நிறையவில்லை. அந்த வயசில் நாமெல்லாம் சுரைக்குடுக்கையை முதுகில் கட்டிக்கொண்டு கிணற்றில் தத்தளித்தவர்கள்!

1958இல் கிழக்கு வங்காளத்தைச் சேர்ந்த பிரோஜன் தாஸ் இங்கிலீஷ் கால்வாயை நீந்திக் கடந்தார். ஆசியாவிலேயே முதல் ஆள் அவர்தான். ஆரத்தி வாழ்த்து அனுப்பினார். அதற்கு வந்த பதில்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது: உன்னாலும் முடியும் என்ற கருத்தில் தாஸ் எழுதியதோடு நிற்காமல், அடுத்த வருஷப் போட்டிக்கு ஆரத்தியின் பெயரையும் சிபாரிசு செய்தார். நாடு ரெண்டாகிப் பத்து வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, எல்லைக்கு அந்தப் பக்கம் இருந்து வந்த உதவி அது.

அப்புறம் பணம். மன்றத்தைச் சேர்ந்த டாக்டர் அருண் குப்தா ஆரத்தியின் நீச்சல் காட்சிகளை நடத்தி நிதி திரட்டினார். அதே 1958இல் கால்வாயைக் கடந்த முதல் இந்தியர் மிஹிர் சென்னும் கைகொடுத்தார். அப்படியும் போதவில்லை. முதலமைச்சர் பி.சி.ராய் தலையிட்டு 11,000 ரூபாய்க்கு வழி செய்தார். பயிற்சியில் குளத்தில் முதலில் 8 மணி நேரம், பிறகு 16 மணி நேரம் நிற்காமல் நீந்தினார்.

கால்வாய் நேர்கோட்டில் 21 மைல்தான். ஆனால் சுமார் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை நீரோட்டம் திசை மாறும்; நீந்துகிறவர் வளைந்து வளைந்துதான் போகணும். வழி காட்டுவது கூடவே வரும் படகு. படகில் இருப்பவர் ஆகாரத்தைக் கம்பிலோ கயிற்றிலோ நீட்டலாம். ஆனால் தொடக்கூடாது. விரல் பட்டாலும் நீச்சல் செல்லாது.

1959 ஆகஸ்ட் 27, நள்ளிரவு தாண்டிப் போட்டி. ஆரத்தியின் வழிகாட்டிப் படகு நேரத்துக்கு வரவில்லை. 40 நிமிஷம் தாமதம்! நமக்கு அது ஒரு பஸ் தவறின கதை. அவருக்கு நீரோட்டமே தவறிப்போனது. இங்கிலாந்துக் கரை சில மைல் தூரத்தில் இருக்கும்போது எதிரோட்டம் பிடித்துக்கொண்டது. காலை 11 மணியிலிருந்து மாலை 4 மணி வரை அடித்தும் ரெண்டு மைல்தான் நகர முடிந்தது. அவர் விடுவதாக இல்லை. படகோட்டிதான் வற்புறுத்தி மேலே ஏற்றினார்.

இந்த இடத்தில்தான் நான் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். தாமதமாக வந்ததும் படகு, போதும் என்று சொன்னதும் படகு. முதலாவதற்கு எனக்குக் கோபம் வருகிறது, இரண்டாவதற்கு வரவில்லை. எதிரோட்டத்தில் அஞ்சு மணி நேரம் போராடும் பெண்ணைப் பார்த்துக்கொண்டு கைகட்டி உட்கார்ந்திருப்பது லேசான காரியமா?

ஒரே மாசத்தில் அரியர் பேப்பர் எழுதுவதுபோல ஆரத்தி திரும்ப வந்தார். 19 வயசு முடிந்து ஐந்தாம் நாள், செப்டம்பர் 29, பிரான்சின் கிரி நே முனையில் இறங்கினார். ஓட்டம் இழுத்த இழுப்பில் 42 மைல். 16 மணி 20 நிமிஷம். சாண்ட்கேட் கரையேறி நம் கொடியை ஏற்றினார். கால்வாயைக் கடந்த முதல் ஆசியப் பெண் அவரே. 1960இல் பத்மஸ்ரீ கிடைத்தது. நிதிக்காக அலைந்த அருண் குப்தாவையே மணந்துகொண்டார். 1994இல் மறைந்தார். 1999இல் தபால்தலை வெளிவந்தது.

இதையெல்லாம் நண்பனிடம் சொன்னேன். அடுத்த தடவையும் நான்தான் படியில் உட்காரணுமாம். ஆனால் சத்தியம் கேட்க மாட்டானாம். இந்தக் கோடையில் கிணற்றில் தண்ணீர் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. மலையில் மழை பிடிக்கணும். 100 சுற்று இன்னும் பாக்கி இருக்கிறது.