உங்க பர்ஸில் காமராஜர் இருக்கிறாரா? ஒரு 5 ரூபாய் நாணயத்தின் கதை

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கிவிட்டு, மீதிச் சில்லறையைப் பார்க்காமலே பையில் போடுபவரா நீங்க? அடுத்த முறை கொஞ்சம் திருப்பிப் பாருங்க. பழைய, கனமான 5 ரூபாய் நாணயத்தில் ஒரு தெரிந்த முகம் இருக்கலாம். காமராஜர் நூற்றாண்டுக்காக மத்திய அரசு வெளியிட்ட, 2003 என்று ஆண்டு பொறித்த நாணயம் அது. அந்த ஊருக்கும் அந்த முகத்துக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. பலருக்கு அது மறந்தே போச்சு.

ஜவுளிக்கடை முதல் அலிப்பூர் வரை

1903 ஜூலை 15-ல் விருதுநகரில் பிறந்தார் காமராஜர். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா சிவகாமி அம்மாள்தான் வளர்த்தார். படிப்பு பாதியில் நின்றது. மாமாவின் ஜவுளிக்கடையில் வேலை. ஆனால் மனசு முழுக்கப் பொதுக்கூட்டங்களிலும் ஊர்வலங்களிலும்தான்.

1930-ல் வேதாரண்யம் உப்பு சத்தியாகிரகத்தில் கலந்துகொண்டதற்கு 2 ஆண்டு சிறை. அடைத்தது எங்கே தெரியுமா? கல்கத்தாவின் அலிப்பூர் சிறையில். காந்தி-இர்வின் ஒப்பந்தத்தால் 1931-லேயே விடுதலையானார். அலிப்பூர் என்ற பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, திரும்ப வரும்.

ஒரே ஊர், இரண்டு முடிவு

1952, முதல் பொதுத்தேர்தல். அப்போது சென்னை மாகாண முதல்வர் ராஜபாளையத்துக்காரரான பி.எஸ்.குமாரசாமி ராஜா. 1949-ல் அவர் அந்த நாற்காலிக்கு வந்ததில், மாநில காங்கிரஸ் தலைவராக இருந்த காமராஜரின் ஆதரவுக்குப் பெரிய பங்கு உண்டு. ராஜா ஸ்ரீவில்லிபுத்தூர் சட்டமன்றத் தொகுதியில் நின்றார். பக்கத்து ஊர்தான், பதவியில் இருக்கும் முதல்வர் வேற. ஆனாலும் தோற்றார்! அதே தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர் மக்களவைத் தொகுதியில் நின்ற காமராஜர் ஜெயித்து டெல்லி போனார்.

1954-ல் ராஜா ஒடிசா ஆளுநரானார். அதே ஆண்டு ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். மூடிய பள்ளிகள் திறந்தன, மதிய உணவு வந்தது. 1963 அக்டோபர் 2-ல், கட்சிப் பணிக்காகப் பதவியைத் தானே விட்டார்.

இவரையும் வாக்காளர்கள் விட்டுவைக்கலை. 1967-ல் சொந்த ஊரான விருதுநகரிலேயே திமுகவின் இளம் மாணவர் தலைவரிடம் தோற்றார். 1975 அக்டோபர் 2-ல் சென்னை தி.நகரில் இறந்தபோது அவர் இருந்தது வாடகை வீட்டில்.

இறந்த பிறகு வந்த பதக்கம்

1976-ல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அரச இலை வடிவ வெண்கலப் பதக்கம், நடுவில் சூரியன். இந்தப் பதக்கங்கள் தயாராகும் இடம் கொல்கத்தாவில் உள்ள அரசு நாணயச் சாலை. அது இருக்கும் பகுதி? அதே அலிப்பூர்தான். சிறை தந்த அலிப்பூர், 46 வருஷம் கழித்துப் பதக்கமும் தந்தது.

சரி, நாணயத்துக்கு வருவோம். இரண்டு வகை வந்தது. 100 ரூபாய் நாணயம் பாதி வெள்ளி கலந்தது, சேகரிப்பாளர்களுக்கானது. 5 ரூபாய் நாணயம் செம்பும் நிக்கலும் சேர்ந்தது. எடை 9 கிராம். அன்றைய சாதாரண 5 ரூபாய் அளவுதான் என்பதால் பலர் கவனிக்காமலே செலவழித்துவிட்டார்கள். எழுத்துகள் இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டும்தான். 2009-ல் வந்த அண்ணா நாணயத்தில் அவருடைய தமிழ்க் கையெழுத்து இருக்கு. அந்தக் கொடுப்பினை காமராஜருக்கு வாய்க்கவில்லை.

ஆண்டுக்குக் கீழே பாருங்க. வைரக் குறி இருந்தால் மும்பை, நட்சத்திரம் இருந்தால் ஹைதராபாத், எதுவும் இல்லையென்றால் கொல்கத்தா.

ஒரு எச்சரிக்கை. பழைய நாணயத்துக்கு லட்சக்கணக்கில் தருவதாகச் சொல்லி, முன்பணம் கேட்டு யாராவது போன் பண்ணினால் நம்பாதீங்க. ரிசர்வ் வங்கியே 2021-ல் இதுபற்றி எச்சரித்திருக்கிறது. கடையில் கொடுத்தால் இதற்கு மதிப்பு 5 ரூபாய்தான், செல்லும்.

குமாரசாமி ராஜாவுக்கு? 1999-ல் ஒரு தபால் தலை வந்தது. நாணயம் இன்னும் வரலை.