சர் சையது அஹ்மத் கானின் உத்தியோக வாழ்க்கை

சர் சையது அஹ்மத் கான் என்றதும் அலிகர் பல்கலைக்கழகம்தான் நம் நினைவுக்கு வரும். அவர் வாழ்நாளில் பெரும்பகுதி அரசாங்க உத்தியோகஸ்தராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது.

1817இல் டெல்லியில், முகலாய அரண்மனையோடு நெருக்கமான குடும்பத்தில் பிறந்தார். 1838இல் தந்தை வஃபாத்தானதும் அரண்மனை வருமானம் சுருங்கியது. உறவினர்களுக்குப் பிடிக்காவிட்டாலும் கிழக்கிந்தியக் கம்பெனியின் நீதிமன்றத்தில் எழுத்தராகச் சேர்ந்தார். ஆக்ராவில் கமிஷனர் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே சிவில் சட்டங்களைத் தொகுத்துப் படித்துத் தேர்வெழுதி, 1841இல் முன்சிஃப் ஆனார்.

அண்ணன் இறந்த பிறகு, 1846இல் டெல்லிக்கே மாற்றலாகி வந்தார். பகலில் கோர்ட், மற்ற நேரங்களில் டெல்லி ஆலிம்களிடம், பாதியில் விட்ட கிதாபுகளை மீண்டும் ஓதினார். (பிற்காலத்தில் அவருடைய தஃப்ஸீர் கருத்துகளை ஆலிம்கள் கடுமையாக மறுத்தார்கள். அது தனியாகப் பேச வேண்டியது.)

1855இல் பிஜ்னோரில் சதர் அமீன். 1857 கிளர்ச்சியில் அங்கிருந்த ஆங்கிலேயக் குடும்பங்களைக் காப்பாற்றினார். அதற்கு வெகுமதியாக, பறிமுதல் செய்யப்பட்ட ஒரு சையது குடும்பத்தின் ஜமீனை அரசு தர முன்வந்தது, வேண்டாம் என்றார். 1858இல் முராதாபாத்தில் சதருஸ்ஸுதூர் ஆனார். இன்றைய சார்பு நீதிபதி பதவி மாதிரி.

அப்போது அவருக்கு வயது நாற்பதுதான். ஆனால் ஏணி அத்தோடு முடிந்துவிட்டது. மேலே இருந்த மாவட்ட நீதிபதி, கலெக்டர் பதவிகளெல்லாம் சிவில் சர்வீஸ் அதிகாரிகளுக்கு. அந்தத் தேர்வு லண்டனில் நடந்தது. வயது வரம்பும் உண்டு. முதல் இந்தியர் அதில் தேறியதே 1863இல்தான். கிளர்ச்சியின் காரணங்களை ஆராய்ந்து எழுதிய நூலில், ஆட்சிமன்றத்தில் இந்தியருக்கு இடமில்லாததை முக்கியக் காரணமாக அவர் அரசாங்கத்தின் முகத்துக்கு நேரே வைத்தார். சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர் அப்படி எழுதுவது சின்ன விஷயமல்ல.

1876இல் ஓய்வு பெறும்வரை பதினெட்டு ஆண்டுகள் ஏறக்குறைய அதே படியில்தான் இருந்தார். ஊர்தான் மாறியது: முராதாபாத், காஜிப்பூர், அலிகர், பனாரஸ். முராதாபாத்திலும் காஜிப்பூரிலும் பள்ளிக்கூடம் திறந்தார். காஜிப்பூரில் தொடங்கிய அறிவியல் சங்கம் அவரோடு அலிகருக்கு வந்தது. பனாரஸில் வேலையில் இருக்கும்போதே, 1875இல் அலிகர் பள்ளி ஆரம்பமாகிவிட்டது.

1869இல் விடுப்பு எடுத்து, மகன்களோடு இங்கிலாந்து போயிருந்தார். இளைய மகன் சையது மஹ்மூத் கேம்பிரிட்ஜில் படித்து பாரிஸ்டர் ஆனார். 1887இல் அலகாபாத் உயர்நீதிமன்றத்தின் நிரந்தர நீதிபதியாக மஹ்மூத் அமர்ந்தபோது தந்தைக்கு வயது எழுபது.