பாம்புகளை ஆராய்ந்த பாட்ரிக் ரசல்

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பர். அத்தகைய பாம்புகளுள் நஞ்சுள்ளது எது, நஞ்சற்றது எது என்று மக்கள் அறிய வழிகாட்ட முயன்ற பெருமகன் மருத்துவர் பாட்ரிக் ரசல் ஆவார்.

அன்னார் 1727-இல் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் பிறந்தார். மருத்துவம் பயின்று, சிரியாவின் அலெப்போ நகரில் பல ஆண்டுகள் பணியாற்றினார். பின்னர் இந்தியா வந்து விசாகப்பட்டினத்தில் தங்கினார். 1785-இல் கிழக்கிந்தியக் கம்பெனி அவரைச் சென்னை மாகாணத்தின் இயற்கையியலாளராக அமர்த்தியது.

அந்நாளில் பாம்புக்கடிக்குத் ‘தஞ்சாவூர் மாத்திரை’ பெரும்புகழ் பெற்றிருந்தது. ஊரார் புகழ்வதை ரசல் அப்படியே ஏற்கவில்லை. அதை ஆராய்ந்து, அதன் முதன்மைப் பொருள் ஆர்சனிக் எனக் கண்டார். கோழிகளிலும் நாய்களிலும் பாம்பு நஞ்சின் விளைவைச் சோதித்தார். 1789-இல் தாயகம் திரும்பிய அவர், 1796-இல் சோழமண்டலக் கரைப் பாம்புகளைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். 1805-இல் மறைந்தார். கண்ணாடி விரியன் இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நஞ்சு எவ்வாறு கொல்கிறது என்பது ரசல் காலத்தில் விளங்கவில்லை. இன்று நாம் அறிவோம். சோடியம் அயனிகள் உட்புகுவதாலும் பொட்டாசியம் அயனிகள் வெளியேறுவதாலும் நரம்பில் செய்தி ஓடுகிறது. நரம்பு முனையில் கால்சியம் அயனிகள் நுழைந்ததும் அசிட்டைல்கோலின் சுரந்து தசையை இயக்குகிறது. நாகத்தின் நஞ்சு தசையிலுள்ள ஏற்பிகளை அடைத்துவிடுகிறது. கட்டுவிரியன் நஞ்சு நரம்பு முனையையே சிதைக்கிறது. இமை சரிகிறது, இறுதியில் மூச்சு நிற்கிறது. கண்ணாடி விரியனின் நஞ்சோ பெரும்பாலும் இரத்தத்தையே தாக்குவது.

எங்கள் ஆவடியில் ஏரியோரத் தெருக்களுக்கு மழைக்காலத்தில் பாம்பு வருவது புதிதன்று. எங்கள் தெருப் பெரியவர் ஒருவரைக் கட்டுவிரியன் தீண்டியபோது, கடிவாயில் வீக்கம் இல்லையென்று விடியும்வரை வேப்பிலை அடித்தனர். மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது. எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அன்று முதல் பாம்பு என்றால் தெருவார் என்னிடமே கேட்கின்றனர். நான் சொல்வது இதுதான்: இறுகக் கட்டாதீர், கீறாதீர், கடிபட்ட உறுப்பை அசைக்காமல் உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். நஞ்சுமுறி மருந்து அங்கே உண்டு. அதற்கான நஞ்சை, 1978-இல் தொடங்கிய வடநெம்மேலி இருளர் கூட்டுறவுச் சங்கத்தாரும் எடுத்துத் தருகின்றனர்.

கேட்டதை நம்பாமல் சோதித்துத் தெளிந்த ரசலின் வழியே அறிவியல் மாணவரின் வழி. அவ்வழி நடந்து, நம் தெருவுக்கு விளக்காவோமாக!